பாவசங்கீர்த்தனத் தொட்டியில் செய்த கட்டில்

என் வீட்டுக்காரருக்கு மரவேலை கைவந்த கலை என்று சொல்லித்தான் என்னை வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானலுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். பொய்யில்லை. கைவந்த கலைதான். அந்தக் கை எங்கள் வீட்டுப் பக்கம் மட்டும் வராது.

அவர் எங்கள் பங்குக் கோயிலில் கோயில்பிள்ளை. மணி அடிப்பது, மெழுகுவத்தி ஏற்றுவது, பூசைக்கு வேண்டியதை எடுத்து வைப்பது, கூட்டிப் பெருக்குவது, எல்லாம் அவர் சோலி. மிச்ச நேரத்தில் பழைய மரம் தேடி அலைவார். ஐம்பதுகளின் கடைசி அது. கொடைக்கானலில் பழைய மரத்துக்கு என்ன பஞ்சம்? சீசன் முடிந்து பங்களாவைப் பூட்டிக்கொண்டு போகிறவர்கள் கால் உடைந்த நாற்காலியைக் கொல்லையில் வீசிவிட்டுப் போவார்கள். சீமைக்குத் திரும்பும் வெள்ளைக்காரர்கள் பெட்டி பெட்டியாகப் பலகையை விட்டுப் போவார்கள். பேரிக்காய்ப் பெட்டி சந்தையில் சும்மா கிடக்கும். இவர் அதையெல்லாம் தோளில் தூக்கி வந்து, துருப்பிடித்த ஆணியைப் பிடுங்கி, கல்லில் வைத்துத் தட்டி நிமிர்த்தி, இழைப்புளி போட்டு ஏதாவது ஒன்றாக மாற்றிவிடுவார்.

மாற்றியதெல்லாம் யார் வீட்டில் இருக்கிறது என்று கேளுங்கள். பெஞ்சு பள்ளிக்கூடத்தில். மாடக்குழி அலமாரி கன்னியர் மடத்தில். பால்காரர் வீட்டில் மாட்டுக்குத் தவிட்டுத் தொட்டிகூட இவர் செய்ததுதான். எங்கள் வீட்டுக்கென்று அவர் மனமுவந்து செய்தது ஒரே ஒரு சாமான், தொப்பி மாட்டுகிற ஸ்டாண்டு. ஏதோ பங்களாவில் பார்த்திருக்கிறார், ஆசைப்பட்டுவிட்டார். எங்கள் இரண்டு பேரிடமும் தொப்பி கிடையாது. நான் அதில் சுளகையும் சல்லடையையும் மாட்டி வைத்தேன். வருகிறவர்களிடம் அவர் அதைக் காட்டி, "நாலு கொக்கிங்க, நாலு பேரு தொப்பி மாட்டலாம்" என்று சொல்லும்போது எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

நான் கேட்டது ஒரு கட்டில். வந்த முதல் மாதத்திலிருந்து அதைத்தான் கேட்டேன். கோயிலுக்குப் பின்னால் எங்களுக்கு விட்டிருந்த வீடு இரண்டு அறை, தகரக் கூரை, கல் தரை. வத்தலக்குண்டில் தரை என்றால் படுத்தால் குளுகுளுவென்று இருக்கும், சுகம். இங்கே தரை நம்மைப் படுக்க விடாது. பாய்க்கு மேல் கம்பளி, கம்பளிக்கு மேல் பழைய சேலை, எல்லாவற்றையும் தாண்டிக்கொண்டு குளிர் முதுகெலும்பில் ஏறும். மார்கழியில் வெளியே புல்லெல்லாம் வெள்ளை பூத்துக் கிடக்கும். "இந்தா, இந்தப் பெஞ்சு முடியட்டும், அடுத்தது கட்டில்தான்" என்பார் இவர். அடுத்தது எப்போதுமே வேறு யாருடையதாவதாக இருக்கும்.

முதல் பிள்ளை அந்தத் தரையில்தான் பிறந்தான். தை மாதம். ஒரு மாதம்கூட முடியவில்லை, நெஞ்சில் சளி கட்டிவிட்டது. மூச்சு இழுக்க இழுக்க விலா எலும்பு உள்ளே போய் வரும். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். டாக்டரம்மா பிள்ளையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "எங்கே படுக்க வைக்கிறீர்கள்?" என்றுதான் முதலில் கேட்டார். நான் இவர் முகத்தைப் பார்த்தேன். இவர் சுவரைப் பார்த்தார். மறுநாள் பிள்ளை போய்விட்டான். அவனுக்கான சின்னப் பெட்டியை இவரே செய்தார். அதை மட்டும் ஒரே நாளில் செய்துவிட்டார், கேட்டீர்களா?

கல்லறைத் தோட்டத்தில் அவனை வைத்துவிட்டு வந்த அடுத்த சனிக்கிழமை, செய்த பாவத்தைச் சாமியார் காதில் சொல்லி மன்னிப்புக் கேட்கிற பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். கோயிலின் இடது பக்கச் சுவரை ஒட்டி அந்தத் தொட்டி நின்றது. நடுவில் சாமியார் உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொள்ள ஓர் அறை. இரண்டு பக்கமும் நாம் முழந்தாளிட ஒரு பலகை, முகத்துக்கு நேரே ஓட்டை ஓட்டையாய் ஒரு மரச் சல்லடை. மோட்டார் ரோடு வருவதற்கு முன்னால் மலையடிவாரத்திலிருந்து தலைச்சுமையாக ஏற்றிக்கொண்டு வந்த தேக்காம் அது. முழந்தாள் பலகையில் இரண்டு பள்ளம் விழுந்திருந்தது. தலைமுறை தலைமுறையாக இந்த ஊர்ப் பாவமெல்லாம் அந்தப் பள்ளத்தில் ஊன்றித்தான் இறங்கியது.

"சர்வேசுரன் மேல எனக்குக் கோவம் சாமி" என்றேன்.

சல்லடைக்கு அந்தப் பக்கம் ஒரு இருமல். "அது அவர் சித்தம்மா. ஏற்றுக்கொள்ள வேண்டும்" என்றார் சாமியார். அபராதமாக ஐந்து அருள்நிறை மந்திரம் சொல்லச் சொன்னார். சொன்னேன். சாமியார் படுப்பது ஸ்பிரிங் கட்டில், அதன்மேல் இலவம்பஞ்சு மெத்தை. அந்த மெத்தையை வாராவாரம் வெயிலில் போட்டுத் தட்டுவது என் வீட்டுக்காரர்தான். சர்வேசுரன் சித்தம் அந்த மெத்தைமேல் மட்டும் எவ்வளவு பதமாக இறங்கியிருக்கிறது பாருங்கள்.

இரண்டாவது தரித்தது. அந்த வருஷம் சீசனுக்கு வந்த கோயம்புத்தூர்ப் பணக்காரர் ஒருவர், செத்துப்போன தன் மனைவி நினைவாகக் கோயிலுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்றார். சாமியார் புதுத் தொட்டி கேட்டார். ஆனி மாதம் லாரியில் வந்து இறங்கியது, பளபளவென்று வார்னிஷ், உள்ளே மெத்தை வைத்த நாற்காலி. பழையதை என்ன செய்வது? "உடைச்சுப் போட்டா மழைக்காலம் பூராம் வெந்நிக்கு ஆகும்" என்றார் சாமியாருக்குச் சமைத்துப் போடுகிற குசினிக்காரர். என் வீட்டுக்காரர் பதறிப் போய்ச் சாமியார் காலைப் பிடிக்காத குறையாகக் கேட்டு, அதைக் கழற்றி எங்கள் வீட்டு முற்றத்தில் கொண்டுவந்து அடுக்கினார்.

"ஏ புள்ள, பாத்தியா மரத்தை! ஆணி எறங்காது, அம்புட்டுக் கெட்டி. இதுல செய்யிறேன் பாரு உனக்குக் கட்டிலு. ஒன் பேரப்பிள்ளைக்கும் இருக்கும்."

நான் நம்பினேன். எனக்கும் புத்தி கிடையாது. நீளமான பக்கப் பலகைகளை என் கைச் சாணால் அளந்து, இது தலைமாடு, இது கால்மாடு என்று தனியாக எடுத்து வைத்தேன். மழை வராமல் சாக்கு போட்டு மூடினேன். வயிற்றுப் பிள்ளையிடம் வாய்விட்டே சொன்னேன், "ஒனக்கு மேலதாண்டா படுக்கை, பயப்படாத" என்று.

முதலில் குசினிக்காரர் வந்தார். "என் அடுப்புக்கு வரவேண்டிய வெறகுய்யா அது. எனக்கொரு முக்காலியாவது செஞ்சு குடுக்கணுமா இல்லையா?" என்றார். நியாயம்தானே என்று இவர் செய்து கொடுத்துவிட்டார். நல்ல மூன்று கால் அதில் போயிற்று. நான் கேட்டதற்கு, "அவருதான நமக்கு மிச்சம் மீதி சூப்பு குடுத்து விடுறாரு, எப்பிடி இல்லைங்கிறது?" என்றார். சூப்பு என்று வந்தது எலும்பு அலசின தண்ணீர்.

அடுத்தவர் உருளைக்கிழங்கு மண்டிக்காரர். மன்னவனூர்க் கிழங்கும் வில்பட்டிக் கிழங்கும் அவர் தராசில் ஏறி இறங்கித்தான் மலையைவிட்டுக் கீழே போகும். திருநாளுக்குத் தேர் அலங்காரம் அவர் செலவு. "கோயில்ல இருந்த மரம், கடையில இருந்தா ராசி" என்று ஒரு கல்லாப்பெட்டி கேட்டார், சாய்வு மூடி வைத்து, காலும் வைத்து. கால்மாட்டுப் பலகை அதற்குப் போயிற்று.

மூன்றாவதாக உபதேசியார். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்களுக்கு ஞானோபதேசம் சொல்லிக் கொடுப்பவர். மது கூடாது, மோசம் கூடாது, கோள் கூடாது என்று அவர் விரலை ஆட்டிச் சொல்கிறபோது, நம்மைப் பெற்ற தாயே நம்மேல் சந்தேகப்படுவாள். அவருக்குப் பொஸ்தகம் அடுக்க ஷெல்ஃப் வேண்டுமாம். சாக்கைத் தூக்கிப் பார்த்து, நான் அளந்து வைத்த பலகைகளையே கையால் தட்டி, "இது தோதா இருக்கும்" என்றார். என் வயிறு அவர் கண்ணெதிரே நிற்கிறது. இவர் தலையைச் சொறிந்தார். எனக்குத் தெரிந்துவிட்டது. கடைத் தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைக்கிறவன் என்பார்கள், நாங்கள் கிறிஸ்தவர்கள், எங்களுக்குப் பிள்ளையார் இல்லை, ஆனால் உடைக்கிற ஆள் இருந்தார்.

ஆவணிக்குள் முற்றத்தில் மிஞ்சியது சாமியார் அறையின் நடுக்கதவு, சல்லடை, முழந்தாள் பலகை, கொஞ்சம் துண்டு துணுக்கு. அந்தத் துணுக்கில் எனக்கொரு அஞ்சறைப் பெட்டி வந்தது. முழந்தாள் பலகையை ஒரு முழத்துக்கு அறுத்து அரிவாள்மணை ஆக்கிக் கொடுத்தார். இரண்டு பள்ளமும் அப்படியே இருந்தது. ஒன்றில் வெங்காயத் தோல் சேரும், இன்னொன்றில் கறிவேப்பிலைக் காம்பு.

"கட்டிலு?" என்றேன்.

"வேற மரம் கெடைக்கும் புள்ள. சீசன் முடிஞ்சு பங்களாவெல்லாம் பூட்டுறாங்கள்ல..."

"கெடைக்கும். பிள்ளைக்குப் பெட்டி செய்யவும் மரம் கெடைக்கும்" என்றேன். சொல்லியிருக்கக் கூடாதுதான். வாயில் வந்துவிட்டது. இவர் எழுந்து மணி அடிக்கப் போய்விட்டார். அன்றைக்கு மணி ரொம்ப நேரம் அடித்தது.

மறுநாள் வெள்ளனே குழாயடியில் தண்ணீருக்கு நின்றோம். குசினிக்காரர் பெண்சாதி எனக்கு முன்னால். நான் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்துவிட்டு, "என்ன, இன்னும் கட்டிலு வரலையா? நீ கீழ்நாட்டுக்காரி, தரையிலயே பொரண்டு பழகுனவ. கட்டில்ல ஏத்துனா உருண்டு விழுந்துருவ" என்று சிரித்தாள். நாலு பேர் சேர்ந்து சிரித்தார்கள். உபதேசியார் மனைவி மட்டும் சிரிக்கவில்லை. அவர் எதற்குமே சிரித்து நான் பார்த்ததில்லை.

எனக்கு எங்கிருந்து அந்த வார்த்தை வந்ததோ தெரியாது. யோசித்துச் சொன்னதில்லை.

"அந்த மரம் என் வீட்டைவிட்டுப் போனதே நல்லதுக்கா. மிச்சம் இருக்கிற ஒரு முழப் பலகையோடயே என்னால மாரடிக்க முடியல. காலையில அடுப்பு பத்த வச்சு, அந்த அரிவாள்மணையில உக்காந்தேன்னு வைங்க, உள்ள யாரோ முணுமுணுன்னு பேசுறாங்க. மொத நாளு எலின்னு நெனச்சேன்."

யாரும் சிரிக்கவில்லை. குழாய்த் தண்ணீர் குடம் நிறைந்து வழிந்துகொண்டிருந்தது.

"என்ன பேசுது?" என்றாள் ஒருத்தி.

"எனக்குப் பாதிதான் வெளங்குது. முட்டை, முட்டைன்னு ஒரு கொரலு கேட்டுச்சு. யாரு முட்டையோ, யாரு எடுத்தாங்களோ, நமக்கெதுக்கு? அம்புட்டு வருசம் கேட்ட மரமில்லையா. நெஞ்சுக்குள்ள வச்சிருக்க முடியாமச் சொல்லுதோ என்னமோ."

சாமியாரின் கோழிமுட்டை கணக்கில் குறைவது சாமியாரைத் தவிர ஊருக்கே தெரியும். குசினிக்காரர் பெண்சாதி நிறைந்த குடத்தை இடுப்பில் ஏற்ற மறந்து நின்றாள். நான் என் குடத்தை வைத்தேன். அதற்குமேல் ஒரு வார்த்தை பேசவில்லை. தீக்குச்சியைக் கிழித்துப் போட்டால் போதும், வைக்கோலுக்கு வழி சொல்லித்தர வேண்டியதில்லை.

வீட்டுக்கு வந்து இவரிடம் நடந்ததைச் சொன்னேன். அப்படியே, ஒன்றுவிடாமல். புருஷனிடம் மறைக்கிற பழக்கம் எனக்கில்லை. மரம் முணுமுணுப்பது பொய், நான் கட்டிவிட்டது என்றும் சொன்னேன்.

"அய்யய்யோ! கோயில் மரத்தை வச்சுப் பொய் சொல்லியிருக்க. பாவமில்லையா அது?" என்றார்.

"மூத்தவனத் தரையில போட்டது?"

அவர் இழைப்புளியை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தார்.

அன்று விளக்கு வைக்கிற நேரத்துக்கு முக்காலி வந்துவிட்டது. குசினிக்காரரே கையில் தூக்கிக்கொண்டு வந்தார். "காலு ஆடுது" என்றார். என் வீட்டுக்காரர் முக்காலியைத் தரையில் வைத்து அழுத்திப் பார்த்தார். மலை ஆடும், அது ஆடாது. "சரிபண்ணித் தரட்டுங்களா?" என்று கேட்டார் பாவம். "வேணாம், வேணாம், இங்கனயே கெடக்கட்டும்" என்று குசினிக்காரர் திரும்பிப் பார்க்காமல் போனார். மறுநாள் நிஜமாகவே சூப்பு வந்தது, எலும்பில் கறியோடு.

கல்லாப்பெட்டி இரண்டு நாள் கழித்து வந்தது. மண்டியில் மூட்டை தூக்குகிறவர் தலையில் வைத்து, மேலே சாக்கு போட்டு மூடிக் கொண்டுவந்து இறக்கினார். பூச்சி அரிக்கிறதாம், முதலாளி சொல்லச் சொன்னாராம். தேக்கில் பூச்சி! மூடியைத் திறந்து பார்த்தேன், ஒரு பூச்சியும் இல்லை. அந்த வாரம் வில்பட்டிக்காரர்கள் கிழங்கு போட்டுவிட்டு வருகிறபோது, மண்டியில் எடைக்கல்லெல்லாம் புதுசாக இருக்கிறது என்று பேசிக்கொண்டு போனார்கள். மடியில் கனமிருந்தால்தானே வழியில் பயம்.

உபதேசியார்தான் எல்லாரையும்விடப் பிந்தினார். படித்தவர் அல்லவா, இதையெல்லாம் நம்புவாரா? ஞானோபதேச வகுப்பில், "மரம் பேசும், கல் பேசும் என்பதெல்லாம் அஞ்ஞானிகளின் பேச்சு" என்று விரலை ஆட்டியே சொன்னார். அதற்கு அடுத்த நாள், முதல் மணி அடிக்க இவர் கதவைத் திறக்கிறார், பனிக்குள்ளே ஷெல்ஃபைத் தலையில் சுமந்துகொண்டு உபதேசியார் நிற்கிறார். வேறு ஆளைக்கூடக் கூப்பிடாமல் தானே சுமந்திருக்கிறார். தலைப்பா பனியில் நனைந்திருந்தது.

"பொஸ்தகம் அடுக்க எடம் பத்தல" என்றார்.

"ஷெல்ஃபு வந்த பிறகு எடம் பத்தலையாங்க?" என்று நான் உள்ளேயிருந்து கேட்டேன்.

"ஆமாம்மா, ஷெல்ஃபே எடத்தை அடைக்குது" என்றார். எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்பதை இவ்வளவு பக்தியாகச் சொல்லி நான் கேட்டதில்லை.

ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தில் சாமியார் எடுத்துக்கொண்டதும் இதைத்தான். பாவசங்கீர்த்தன இரகசியம் சாமியாரோடு கல்லறைக்குப் போகும், மரத்துக்குக் காதும் கிடையாது, வாயும் கிடையாது, இப்படிப் பேசுவது பாவம் என்று மேடையைத் தட்டித் தட்டிச் சொன்னார். எல்லாரும் தலையை ஆட்டினார்கள். அதுவரைக்கும் அரைகுறையாக நம்பியவர்களும் அன்றைக்கு முழுசாக நம்பிவிட்டார்கள். ஒன்றுமில்லாமலா சாமியார் இவ்வளவு கத்துகிறார் என்று வெளியே வந்து பேசிக்கொண்டார்கள்.

பூசை முடிந்து என் வீட்டுக்காரரைச் சாமியார் தனியாகக் கூப்பிட்டார். திட்டப் போகிறார் என்று நினைத்துக்கொண்டு போனவர், கையில் ஒரு டப்பாவோடு வந்தார். புதுத் தொட்டிக்கு அடித்து மிஞ்சிய வார்னிஷ். "கட்டில் செய்தால் இடுக்கில்லாமல் இறுக்கமாகச் செய். இதை இரண்டு தரம் பூசு. ஓட்டை ஒன்றும் தெரியக் கூடாது" என்றாராம். மரத்துக்கு வாய் கிடையாது என்று மேடையைத் தட்டிய கைதான் அந்த வாயை அடைக்க வார்னிஷும் கொடுத்தது.

ஆக, ஐப்பசி மழையில் கட்டில் வந்துவிட்டது. முக்காலிக் கால் மூன்று, கல்லாப்பெட்டிக் கால் ஒன்று. நான் அளந்து வைத்த பலகைகள் உபதேசியார் வீட்டுக்குப் போய்விட்டு வந்து படுக்கைப் பலகையாயின. தலைமாட்டுக்குச் சல்லடை. நடுக்கதவு மட்டும் மிஞ்சிச் சுவரோரம் சாய்ந்து நின்றது. சொல்லக் கூடாது, மனுஷன் இழைத்திருந்தார் ஐயா! கன்னத்தை வைத்துப் பார்த்தேன், ஒரு சிராய் இல்லை. நான் அழுதுவிட்டேன். வார்னிஷ் நெடி கண்ணில் பட்டுவிட்டது என்று சொல்லிச் சமாளித்தேன்.

மார்கழியில், கோயிலில் குடில் கட்டுகிற வாரத்தில், மகள் பிறந்தாள். குழந்தை இயேசுவுக்கு வைக்கோல், என் மகளுக்குத் தேக்கு. தரையிலிருந்து முழங்கால் உயரத்தில் என் மகள் கிடந்தாள். குளிர் கீழேயே கிடந்து உறுமட்டும் என்று இருந்தது எனக்கு.

பிள்ளை பார்க்க வந்தவர்கள் ஒருவரும் கட்டிலில் உட்காரவில்லை. நின்றபடியே எட்டிப் பார்த்து, மெதுவாகப் பேசி, வெரசாகக் கிளம்பினார்கள். பிள்ளைபெற்றவள் தலைமாட்டில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசுகிற வழக்கம் என் வீட்டில் நடக்கவில்லை. பெற்ற உடம்புக்கு அதைவிட நல்ல மருந்து எந்தச் செட்டியார் கடையிலும் கிடையாது.

உபதேசியார் மனைவி மட்டும் தனியாக வந்தார். வந்தவர் பிள்ளையைப் பார்க்கவில்லை. தலைமாட்டுச் சல்லடைக்குப் பக்கத்தில் போய்த் தலையைச் சாய்த்து நின்றார்.

"ஏதும் சொல்லுச்சா? எங்க வீட்டு அவுகளைப் பத்தி?"

"இல்லீங்கக்கா. சத்தியமா ஒண்ணும் சொல்லல" என்றேன். என் வாழ்க்கையில் அவ்வளவு உண்மையான சத்தியம் நான் பண்ணியதில்லை.

"சொல்ல வேணாம்" என்றார். "விடியுமுன்ன தலையில தூக்கிட்டு ஓடியாந்தாருல்ல. அது போதும் எனக்கு." பிள்ளை கையில் ஒரு கம்பளி உறையை மாட்டிவிட்டுப் போனார். போகிறபோது அவர் உதட்டில் ஒரு சின்னச் சிரிப்பு இருந்தது. அதன்பிறகு ஞானோபதேச வகுப்பில் உபதேசியார் விரல் அவ்வளவாக ஆடவில்லை.

எல்லாம் சரி. என் வீட்டுக்காரர் விஷயத்துக்கு வருகிறேன்.

கட்டில் பெரிசு. நானும் பிள்ளையும் படுத்தால் இன்னொரு ஆள் தாராளமாகப் படுக்கலாம். இவர் ஏறவே இல்லை. பழைய பாயை விரித்துக் கட்டிலுக்குக் கீழே, அந்தக் கல் தரையில் படுத்தார். தீட்டு நாள் கழியட்டும் என்று பார்க்கிறாராக்கும் என்று விட்டேன். பிள்ளைக்குத் தலை நின்றது, உட்கார்ந்தாள், தவழ்ந்தாள். இவர் கீழேதான். "மேல வந்து படுங்களேன், குளிருது" என்றால், "எனக்குத் தரைதான் ஒத்துக்கும்" என்பார். பல் கடகடவென்று அடித்துக்கொள்கிற சத்தம் கட்டிலில் எனக்குக் கேட்கும். ஒத்துக்கொள்கிற லட்சணம்!

அடுத்த மார்கழியில் எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. வரத்தானே செய்யும்? குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பது ஊருக்கு மட்டுமா? மரம் பேசும் என்பது என் புளுகு என்று முதல் நாளே தெரிந்த ஒரே மனுஷன் இவர். அவரே கட்டிலைத் தொடப் பயந்தால் என்ன அர்த்தம்? நான் நாலைந்து நாள் அதையே நினைத்து நினைத்துப் புழுங்கினேன். யாராக இருக்கும் என்று ஊரில் ஒருத்தி விடாமல் மனசுக்குள் விசாரித்தேன். கடைசியில் ஒரு நாள் ராத்திரி அவர் பாயை விரிக்கிறபோது பிடித்துக்கொண்டேன்.

"ஊரெல்லாம் பயந்துச்சு, சரி. ஒங்களுக்கு என்ன பயம்? எதை மறைக்கிறீங்க? எவ அவ? இன்னைக்கு எனக்குத் தெரிஞ்சாகணும்."

பாயின் சுருக்கத்தை நீவிவிட்டுக்கொண்டே இருந்தார். கத்திப் பேசாத மனுஷன். அன்றைக்கும் மெதுவாகத்தான் சொன்னார்.

"மூத்தவன் இங்கதான புள்ள படுத்திருந்தான். நாம எல்லாரும் மேல ஏறிட்டா, அவன் தனியா கெடப்பான்ல."

என் வாய் அடைத்துப்போனது. கல்யாணமாகி அன்று ஒரு நாள்தான் அது அடைத்தது. எவளை எவளையெல்லாமோ தேடிக்கொண்டிருந்த எனக்கு, அவர் பக்கத்தில் யார் படுத்திருந்தது என்று தெரியாமல் போய்விட்டதே.

எழுந்து போய், சுவரோரம் சாய்ந்திருந்த அந்த நடுக்கதவை இழுத்துக்கொண்டு வந்தேன். கனம் தாங்காமல் தரையில் போட்டேன். மகள் எழுந்து அழுதாள்.

"பாயை எடுங்க. இதுமேல விரிங்க" என்றேன். "ரெண்டு பேரும் இதுமேல படுங்க."